எதற்கு ஆதாரம் கேட்கிறார்கள்?

நோணாங்குப்பத்தில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டுக்குப் போன மாதம் ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஒரு கல்வி நிறுவனத்தைப் பற்றி நான் முகநூலில் எழுதியது இரண்டே வாக்கியம்: "விடுதியில் தலித் மாணவர்களுக்கு மட்டும் பின்கட்டில் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். இது சாதிவெறி." முதல் வாக்கியத்தை 'தங்களுடைய தனிப்பட்ட கருத்து' என்று ஒதுக்கிவிட்டு, இரண்டாவதற்கு ஆதாரம் கேட்கிறது நோட்டீஸ்.

அப்படியே தலைகீழ். அறை ஒதுக்கீட்டுப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. சரியா தவறா என்று யாரும் போய்ப் பார்த்துவிடலாம். அது தகவல். சாதிவெறி என்பது அதிலிருந்து நான் எடுத்த முடிவு. ஏற்கலாம், மறுக்கலாம். தராசில் வைத்து நிறுத்துக் காட்ட முடியாது. மதிப்பீட்டை நிரூபிக்கச் சொல்வதே கருத்துரிமை மீறல் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் லிங்கன்ஸ் வழக்கில் 1986இலேயே சொல்லிவிட்டது.

இது வக்கீல் குமாஸ்தாவின் கைப்பிழை அல்ல தோழர்களே. இரட்டைக் குவளையைக் காட்டினால் "அது உங்க பார்வை" என்பார்கள். தீண்டாமை என்று பெயர் சொன்னால் "நிரூபி" என்பார்கள். ஊர்ப் பேச்சில் பழகிய தந்திரம் இப்போது முத்திரைத் தாளில் வருகிறது, அவ்வளவுதான்.

சட்டமும் இதற்கு இடம் கொடுக்கிறது. 1881 ஜூலை 29ஆம் தேதியிட்ட பிரெஞ்சுப் பத்திரிகைச் சட்டம் இந்தப் புதுச்சேரி மண்ணிலும் செல்லுபடியானது. அதன் 29ஆம் பிரிவில், ஒருவர் மீது குறிப்பிட்ட செயலைச் சுமத்தினால் அவதூறு. செயல் எதையும் சொல்லாமல் இழித்துரைத்தால் வசவு. இரண்டும் வேறு வேறு குற்றம். (பிரெஞ்சுக்காரனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. இந்தியர்களை அவரவர் சாதி வழக்கப்படியே விசாரிக்கச் சொல்லி 1819இல் ஆணை போட்டவனும் அவன்தான்.) 1963இல் இங்கே வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவோ, தகவலையும் கருத்தையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியது. விதிவிலக்குகளில்தான் பிரிக்கிறது. அங்கேயும் உண்மை என்று காட்டினால் போதாது, பொதுநன்மைக்காகச் சொன்னதென்றும் காட்டவேண்டும். கருத்தென்றால் நல்லெண்ணத்தைக் காட்டவேண்டும். காட்டும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் தலையில். 2016இல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் உச்சநீதிமன்றம் இதைச் செல்லும் என்றது. 2024 ஜூலை 1 முதல் அதுவே பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு. இரண்டாண்டுச் சிறை அப்படியே இருக்கிறது.

குஷ்பு வழக்கை நினைத்துப் பாருங்கள். இன்று அவர் எந்தக் கட்சியில் இருக்கிறார் என்பது வேறு கதை. 2005இல் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி இந்தியா டுடேவில் அவர் சொன்னது கருத்து. எந்தத் தனிநபர் மீதும் எந்தச் செயலையும் அவர் சுமத்தவில்லை. ஆனாலும் 23 கிரிமினல் புகார்கள். புகார்தாரர்களில் பெரும்பாலோர் பாமகவினர் என்று உச்சநீதிமன்றத்தில் அவர் தரப்பு சொன்னது. மேட்டூர் நீதிமன்றம் பிடிவாரண்ட் போட்டது. 2008இல் உயர்நீதிமன்றம் கைவிரித்தது. 2010 ஏப்ரல் 28இல்தான் உச்சநீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்தது. நட்சத்திரத்துக்கே ஐந்து வருடம். உதவித்தொகையில் வாடகை கட்டும் ஆய்வு மாணவருக்கு?

நம் பக்கமும் ஒரு சோம்பல் இருக்கிறது. "அவன் சாதிவெறியன்" என்று மட்டும் போட்டுவிட்டு லைக் எண்ணுகிறோம். என்ன செய்தான், எங்கே, எப்போது என்று எழுதுவதில்லை. அடியில் தகவல் இல்லாத கருத்தை நீதிமன்றமும் நம்பாது, ஊரும் நம்பாது. இன்னொன்று: "அவர் காசு வாங்கினார்னு நினைக்கிறேன்" என்பதில் 'நினைக்கிறேன்' இருப்பதால் அது கருத்தாகிவிடாது. வாங்கினாரா இல்லையா என்பது தகவல். கையில் ஆதாரம் இல்லையென்றால் எழுதாதீர்கள்.

எனக்கு வந்த நோட்டீசுக்குத் தோழர் ஒருவர் காசு வாங்காமல் பதில் எழுதித் தந்தார். அறிவிப்புப் பலகையின் புகைப்படத்தை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அந்த இரண்டு வாக்கியங்களும் முகநூலில் அப்படியே இருக்கின்றன.