முதல் கியருக்குக் கீழே என்ன இருக்கிறது?

ஹிமாலயன் 411 பைக்கில் முன் ஸ்பிராக்கெட்டை 15 பல்லிலிருந்து 16 பல்லுக்கு மாற்றிக்கொண்டு லடாக் கிளம்பச் சொல்கிறார் சென்ற இதழின் கட்டுரையாளர். மைலேஜ் கூடுமாம், டாப் ஸ்பீடு கூடுமாம், என்ஜின் ஆயுள் கூடுமாம், இழப்பு எதுவும் கிடையாதாம். மலையேறப் போகிறவருக்கு இதைவிடப் பொறுப்பற்ற யோசனையைச் சொல்லிவிட முடியாது.

பின் ஸ்பிராக்கெட்டுக்கு 38 பல். அதை 15-ஆல் வகுத்தால் 2.53, 16-ஆல் வகுத்தால் 2.375. அதே வேகத்துக்கு என்ஜின் சுற்று 6.25 சதவீதம் குறையும் என்கிறார், சரி. பின்சக்கரத்துக்குப் போகும் இழுவையும் அதே 6.25 சதவீதம் குறையுமே, அது எங்கே? ஸ்பிராக்கெட் திறனை உண்டாக்குவதில்லை. இருக்கும் திறனை வேகத்துக்கும் இழுவைக்கும் பங்கு பிரிக்கிறது. ஒரு பங்கை மட்டும் காட்டி லாபம் என்று எழுதுவது வாசகரை ஏமாற்றும் வேலை.

அவர் தரும் உதாரணங்கள் எல்லாம் ஐந்தாவது கியரில், சமவெளி நெடுஞ்சாலையில். ஆனால் ஸ்பிராக்கெட் மாறினால் ஐந்து கியரும் சேர்ந்தே மாறும். ஐந்தில் திணறினால் நாலுக்கு இறங்கலாம். முதல் கியரில் திணறினால் எங்கே இறங்குவது? கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர் உயரம். காற்றழுத்தம் அங்கே கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான். கீழே சுமார் 24 குதிரைத்திறன் தரும் என்ஜின், டர்போ இல்லாதது, அங்கே கிட்டத்தட்டப் பாதியை இழந்து நிற்கும். பின்னால் ஆள், இருபுறமும் மூட்டை, கொண்டை ஊசி வளைவில் நின்றுபோன வண்டி. அரை கிளட்ச் பிடித்து முறுக்கித்தான் கிளப்ப வேண்டும். நெடுஞ்சாலையில் மிச்சம் பிடித்ததையெல்லாம் கிளட்ச் பிளேட்டில் எரித்துவிட்டு, மெக்கானிக் கடையே இல்லாத சாலையில் நிற்பதற்கா இந்த யோசனை?

டாப் ஸ்பீடு வாதம் இன்னும் மோசம். காற்றை எதிர்க்கத் தேவையான திறன் வேகத்தின் மும்மடியாக ஏறும். வேகம் 10 சதவீதம் கூட, திறன் 33 சதவீதம் கூட வேண்டும். அந்தத் திறனை எந்தப் பல் தரும்? இந்த என்ஜின் உச்சத் திறனைத் தருவது 6,500 சுற்றில். சமவெளியில், ஐந்தாவது கியரில் முழுக்க முறுக்கியும் அதை எட்டாத வண்டிக்கு முன்பல்லைக் கூட்டினால் டாப் ஸ்பீடு குறையத்தான் செய்யும்.

நால்வழிச் சாலையில் தனியாக, ஒரே வேகத்தில் போகிறவருக்கு மைலேஜ் சற்றுக் கூடலாம். பெரிய முன் ஸ்பிராக்கெட்டில் செயின் குறைவாக மடங்கும் என்பதும் உண்மையே. ஆனால் எந்த வண்டிக்கும் இந்த மாற்றம் பொருந்தும் என்றும் எழுதிவிட்டாரே! கியர்பாக்ஸிலிருந்து வேகத்தை அளக்கும் வண்டிகளில் 15-ஐ 16 ஆக்கினால், மீட்டர் 100 காட்டும்போது வண்டி 106-ஐத் தாண்டி ஓடும். உயிர் சம்பந்தப்பட்ட இந்த விஷயத்துக்கு ஒரு வரிகூட அவர் ஒதுக்கவில்லை.

லடாக்குக்காக மாற்றியே தீர வேண்டுமென்றால் எதிர்த்திசையில் மாற்றுங்கள். பின்னால் 40 பல் போட்டால் விகிதம் 2.67, இழுவை 5 சதவீதம் கூடும். பின் அச்சு சுமார் 8 மில்லிமீட்டர் முன்னே வரும், பழைய செயினில் அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கட்டுரையாளரோ, கோடையில் பனி விலகி வண்டிகள் வடக்கே கிளம்புவதற்குள் தன் பரிந்துரையை இதே பக்கத்தில் திரும்பப் பெற வேண்டும்.