செடி மாற்று நாள் ஒன்று வேண்டும்

பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் கூடுகின்ற நம் சங்கம், ஆடி மாதத்தில் செடிகளை மாற்றிக்கொள்ளவும் ஒரு நாள் கூடினால் என்ன? டில்லியில் மழை தொடங்கிவிட்ட அக்காலத்தில் நட்ட கன்று எளிதில் வேர் பிடிக்கும்.

ஓராண்டுச் செடிகளுக்கு விதை கடையில் கிடைக்கும். பல்லாண்டு வாழும் செடிகளின் கதை வேறு. மல்லிகையைப் பதியன் போட்டுப் பெருக்குகிறோம். கறிவேப்பிலை வேரிலிருந்து பக்கக் கன்றுகளைத் தானே விடுகிறது. கல்வாழைக் கிழங்கை இடையிடையே பிரிக்காவிட்டால் தொட்டி நெருங்கிப் பூ குறையும். ஆகவே மிகுந்ததைக் கொடுப்பது ஈகை மட்டுமன்று, செடிக்கும் நன்மை. மேலும், தாய்ச் செடியின் மறுபதிப்பான கன்று நண்பர் வீட்டில் வளருமானால், தை மாதக் குளிரில் நம்முடையது கருகினாலும் அவ்வகை நம்மை விட்டுப் போகாது.

"செடியோடு பூச்சியும் வருமே!" என்பர் சிலர். உண்மைதான். 2008-இல் கோவையில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளியையும் மல்பெரியையும் வாட்டியது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்த பின்னரே அடங்கியது. ஆனால் அதற்காக மாற்று நாளே வேண்டாம் என்பது பொருந்தாது, ஒழுங்கே வேண்டும். இலையின் அடிப்புறத்தைப் பார்த்து வாங்குவோம். இரு வாரம் தனியே வைத்திருந்து பிறகு மற்றவற்றோடு சேர்ப்போம். செடியின் பெயரைச் சீட்டில் எழுதிக் கட்டுவோம்.

ஒன்றை மட்டும் வற்புறுத்துவேன்: கொடுக்க ஏதுமின்றி வருபவரை வெறுங்கையோடு அனுப்பலாகாது. விடுதிக்குப் புதிதாக வந்த மாணவராகத்தான் அவர் இருப்பார். ஓரிரு ஆண்டில் அவரிடமும் கொடுக்கக் கன்று இருக்கும்.