பதினோராவது பொருத்தம்

தினப் பொருத்தம், கணப் பொருத்தம் முதலிய பத்துப் பொருத்தங்களோடு, இந்நாளில் சில குடும்பங்களில் பதினோராவது பொருத்தம் ஒன்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. விஸாப் பொருத்தம் என்று அதற்குப் பெயரிடலாம். மாப்பிள்ளை அமெரிக்கப் பிரஜை. அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். பெண் நம் ஊர்ப் பெண். இருவர் மனமும் ஒத்துவிட்டது. பெரியவர்களும், சற்று முகம் சுளித்த பிறகு, சம்மதித்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு ஜாதகமே கிடையாதாகையால் ஜோசியருக்கு இதில் வேலையில்லை. பெண்ணை எந்த வழியில் அனுப்புவது என்பதுதான் மிஞ்சி நிற்கும் கேள்வி.

நேர்மையான வழிகள் இரண்டு. ஒன்று, கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்கென்று 1970-ஆம் வருஷத்தில் ஏற்படுத்தப்பட்ட கே-1 விஸா. மற்றொன்று, மனைவிக்குரிய குடியேற்ற விஸா. சுற்றிப் பார்க்கப் போவதாகச் சொல்லி விஸா வாங்கிக்கொண்டு, அங்கே போய்த் தாலி கட்டிக்கொண்டு தங்கிவிடலாம் என்று யோசனை கூறும் புத்திசாலிகளும் உண்டு. பொய் சொல்லி நுழைந்ததாக ஏற்பட்டால் பிற்பாடு கதவே சாத்தப்படலாம். ஆகையால் அந்த யோசனையை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது நலம்.

கே-1 விஸா சீக்கிரம் கிடைக்கும் என்று பெயர் வாங்கியது. இருவரும் மனுவுக்கு முந்திய இரண்டு வருஷத்துக்குள் நேரில் ஒரு முறையேனும் சந்தித்திருக்க வேண்டும். பெண் அமெரிக்கா போய்ச் சேர்ந்த 90 நாட்களுக்குள் மனுச் செய்தவரையே மணக்க வேண்டும். இந்தக் கெடுவை நீட்டித் தரமாட்டார்கள். மணக்கவில்லையென்றால் திரும்பிவிட வேண்டியதுதான். மணந்த பிறகு அங்கேயே நிரந்தர வாசத்துக்கு வேறொரு மனுப் போட வேண்டும். சங்கடம் இங்கேதான் ஆரம்பமாகிறது. உத்தியோகம் பார்க்கத் தனி அனுமதி வரும் வரையில், எம். ஏ. படித்த பெண்ணும் வீட்டிலே கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஊரிலே தகப்பனாருக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தால்? முன்கூட்டியே அனுமதி பெறாமல் நாட்டை விட்டுப் புறப்பட்டால், மனுவையே கைவிட்டதாகக் கொள்வார்கள். தகப்பனாரைப் பார்ப்பதா, கணவனிடம் திரும்புவதா என்ற நிலையில் பெண்ணை நிறுத்தும் வழியைச் சுலப வழி என்று நான் சொல்லமாட்டேன்.

மனைவியாகப் போகிறவளுக்கு இந்தத் தொல்லை இல்லை. காத்திருக்கும் காலமெல்லாம் இங்கே, தாய்வீட்டில் கழிகிறது. அங்கே இறங்கிய தினமே அவள் நிரந்தர வாசி. உத்தியோகம் பார்க்கலாம், ஊருக்கு வந்து போகலாம். கல்யாணமாகி இரண்டு வருஷம் நிறைவதற்குள் போயிருந்தால் முதலில் இரண்டு வருஷத்துக்கே அட்டை தருவார்கள். அது முடிவதற்கு முந்திய 90 நாட்களில் தம்பதிகள் இருவருமாக மறுபடி மனுச் செய்யவேண்டும். கே-1 வழியில் போனவர்களுக்கும் இது பெரும்பாலும் உண்டாகையால், இதை ஒரு குறையாகச் சொல்வதற்கில்லை.

நம் குடும்பங்களில் இவ்விரண்டையும் கலந்து ஒரு மூன்றாவது வழி செய்துவிடுகிறார்கள். பாட்டியின் திருப்திக்காகக் கோயிலில் மாலை மாற்றித் தாலி கட்டுவது. சட்டத்துக்கு ‘கல்யாணம் அமெரிக்காவில்தான்’ என்று சொல்லிக் கே-1 மனுப் போடுவது. விசாரணையின்போது விஸா உத்தியோகஸ்தர் புகைப்படங்களைப் பார்க்கிறார். மணமேடை, தாலி, முந்நூறு பேர் பந்தி! ‘இவள் நிச்சயமான பெண்ணா, மனைவியா?’ என்று அவருக்குச் சந்தேகம் வருகிறது. விஸா மறுக்கப்படவும் கூடும். சரி, மனைவி என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்றால், பதிவுப் பத்திரம் எங்கே என்ற கேள்வி பிறக்கிறது. இரண்டு கதவுக்கும் நடுவிலே பெண் நிற்கிறாள்.

இப்படி நடுவில் நிற்பதில் என்ன அவமானம் நேரக்கூடும் என்பதற்கு வேறொரு தேசத்துச் சரித்திரம் சாட்சி. அந்நாளில் இங்கிலாந்தில், மூன்று மாதத்துக்குள் மணந்துகொள்ள வரும் பெண்ணுக்கு முன் அனுமதி தேவையில்லை. மனைவியாக வருபவள் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டும். 1979-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஓர் இந்தியப் பெண்மணி வந்திறங்கினார். வயது 35, என் தொழிலையே சேர்ந்த ஆசிரியை. மணம் புரிந்துகொள்ள வந்திருப்பதாகச் சொன்னார். ஏற்கெனவே மணமானவரோ என்று சந்தேகித்த அதிகாரிகள், வைத்தியரைக் கொண்டு, எழுதவே கை கூசும் ஒரு பரிசோதனை செய்வித்தார்கள். செய்தி பத்திரிகையில் வெளிவந்ததும் நம் தேசத்தில் கொதிப்பு எழுந்தது, அவ்வழக்கமும் நிறுத்தப்பட்டது. அமெரிக்காவும் ஒரு காலத்தில் நம்மவரைக் கௌரவமாக நடத்தியதில்லை. 1923-இல் இந்தியர் பிரஜா உரிமைக்கு அருகதையற்றவர் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பயனாக, இந்தியரை மணந்த அமெரிக்க ஸ்திரீ தன் சொந்தப் பிரஜா உரிமையையே இழக்க நேர்ந்தது. 1931-இல்தான் அந்த விதி ஒழிந்தது.

ஆகவே என் அபிப்பிராயம், இங்கேயே சட்டப்படி மணந்து மனைவியாகப் போவதுதான். மாப்பிள்ளை வேறு மதத்தவராயின் கோயில் சடங்கு மட்டும் போதாது. 1954-ஆம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். இருவரில் ஒருவராவது அந்த ஜில்லாவில் 30 நாள் வசித்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்த பின் இன்னொரு 30 நாள். பிறகு மூன்று சாட்சிகள். மாப்பிள்ளை பத்து நாள் லீவில் வந்து எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு போய்விட நினைத்தால் நடவாது. பெண் சொந்த ஊரிலேயே இருந்தால் ஜில்லா வாச நிபந்தனை அவளாலேயே நிறைவேறும். தாலி கட்டும் முகூர்த்தத்தைப் பதிவுத் தேதிக்குப் பிறகு வைத்துக்கொண்டால் பாட்டிக்கும் திருப்தி. புகைப்படங்களுக்கும் பயப்பட வேண்டாம்.

பண விஷயத்தில் ஒரு வார்த்தை. மாப்பிள்ளை தம் வருமானத்தைக் காட்டி, மனைவியைத் தாங்குவதாக ஒரு பிரமாணப் பத்திரம் எழுதித் தரவேண்டும். அந்நாட்டு சர்க்கார் குறிக்கும் வறுமைக் கோட்டின் 125 சதவிகிதமாவது வருமானம் இருக்க வேண்டும் என்பது பொது விதி. விவாகரத்து ஆனாலும் அந்தப் பொறுப்புத் தீராது என்பதைப் பெண்ணைப் பெற்றவர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. மாப்பிள்ளையும் கையெழுத்திடுமுன் தெரிந்துகொள்ளட்டும்!

கடைசியாக, பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது; தகப்பனாரின் முதலெழுத்தோடு சரி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்குரிய இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விஸாவில் பெண்ணின் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டு, அவள் சொந்தப் பெயரின் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று மூன்று எழுத்துக்களைப் போட்டுவிடுவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம். பாங்கியிலும் உத்தியோகத்திலும் அப்பெண்ணை அப்பெயராலேயே அழைப்பார்கள். கல்யாணப் பதிவுக்கு முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்தி, தகப்பனார் பெயரையோ வேறு பெயரையோ அந்த இடத்தில் முழுமையாக எழுதி வாங்கிவிட்டால், பதிவுப் பத்திரமும் மனுவும் அதே பெயரில் அமைந்துவிடும்.