கரியும் கடமையும்

உலகத்தின் வெப்பம் ஏறிவருவதற்கு யார் பொறுப்பாளி என்னும் வழக்கில், நமது தேசம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிவரும் வாதம் நியாயமானது. 1992-இல் ரியோ நகரில் ஏற்பட்ட ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையே அதை ஒப்புக்கொண்டிருக்கிறது. பொறுப்பு எல்லோருக்கும் பொதுவாயினும், அதன் அளவு தேசத்துக்குத் தேசம் வேறுபடும் என்பதே அதன் சாரம். ஆண்டொன்றுக்கு அமெரிக்கர் ஒருவர் பங்கில் சுமார் 14 டன் கரியமில வாயு ஆகாயத்திற் சேர்கிறது. இந்தியர் ஒருவர் பங்கில் சுமார் 2 டன். உலக சராசரியோ ஐந்து டன்னுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு நூற்றாண்டு காலம் நிலக்கரியை எரித்துச் செல்வம் குவித்தவர்கள், நேற்று வீட்டில் மின்விளக்குப் போட்டுக்கொண்டவனைப் பார்த்து, "விளக்கை அணை" என்று சொல்லத் துணிந்தால் அதை எந்தத் தன்மானமுள்ள தேசமும் பொறுக்காது. அப்படிச் சொல்லும் அமெரிக்காவோ, பாரிஸ் உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக 2025 ஜனவரியில் இரண்டாந் தடவையாக அறிவித்துவிட்டது.

இந்த வாதம் நமக்கு இலேசாகக் கிடைத்ததன்று. சென்ற நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில், நெல் வயல்களில் தேங்கிய நீரிலிருந்து எழும் மீதேன் வாயுவைக் காட்டி, இந்திய விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முயன்றார்கள். நமது வயல்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கோடியே 80 லட்சம் டன் மீதேனை வெளியிடுவதாக அமெரிக்க சர்க்காரின் இலாகா ஒன்று கணக்குக் கட்டியது. டில்லி தேசீயப் பௌதிகப் பரிசோதனைச் சாலையின் ஏ. பி. மித்ராவும் அவருடைய சகாக்களும் வயல்களிலேயே இறங்கி அளந்து பார்த்ததில், அது சுமார் 40 லட்சம் டன்தான் என்று தெரிந்தது. அதே காலத்தில், 1991-இல், அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஒரு சிறு நூலை வெளியிட்டுக் கேட்டார்கள்: ஏழை உயிர்வாழ்வதற்காக வெளியிடும் வாயுவையும், செல்வன் சுகத்துக்காக வெளியிடும் வாயுவையும் ஒரே தராசில் வைப்பது எந்த ஊர் நியாயம்? ஆகாயம் மனிதர் அனைவருக்கும் சமபாகச் சொத்து என்னும் கொள்கை அன்று உறுதிபெற்றது. காவிரிப் பாசனத்துக் குடியானவர்கள் இவர்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

ஆனால் தலைக்கு இவ்வளவு என்று உலக சபையில் கணக்குக் கேட்பவன், அதே கணக்கைத் தன் வீட்டிலும் காட்டியாக வேண்டும். இங்கேதான் நம்மவர்கள் பலர் மௌனமாகிவிடுகிறார்கள். இரண்டு டன் என்பது சராசரி. திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை சுமக்கும் தொழிலாளியையும், தில்லைநகரில் நான்கு அறைகளுக்கும் குளிர்சாதனம் வைத்திருக்கும் தனவந்தரையும் கூட்டி வகுத்தால் கிடைப்பது அது. கூலியாளின் சிக்கனம் தனவந்தரின் தாராளத்துக்குக் குடை பிடிக்கிறது. ஜெனீவாவிலும் பாகூவிலும் நமது பிரதிநிதிகள் காட்டும் இரண்டு டன், கூலியாளின் பெயரால் எழுதப்பட்ட பத்திரம். அதை வைத்துக் கடன் வாங்குகிறவர்கள் வேறு ஆட்கள்.

ஸ்ரீரங்கத்தையே எடுத்துக்கொள்வோம். உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் மகனோ மகளோ அமெரிக்காவில் இல்லாத வீடுகள் குறைந்துவருகின்றன. அங்கே போய் நிலைத்த மகன் அந்நாட்டு வழக்கப்படி வாழ்ந்தால், அவன் பங்கு இங்கிருக்கும் சராசரி மனிதனைப்போல் ஏழு மடங்கு. பெற்றோர் ஒரு தடவை அவனைப் பார்த்துத் திரும்பும் ஆகாய விமானப் பயணமோ, ஆளுக்கு இரண்டு டன்னுக்குக் குறையாது. ஓர் இந்தியனின் ஓராண்டுப் பங்கு முழுதும் அதில் தீர்ந்துபோகிறது! பேரனைப் பார்க்கப் போகாதே என்று நாம் சொல்ல வரவில்லை, கணக்கைச் சொல்லுகிறோம். பெரிய அறை ஒன்றின் குளிர்சாதனம் இரவு எட்டு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 8 யூனிட் மின்சாரம் போகும். மின்விசிறிக்கு அரை யூனிட்டுக்குச் சற்று அதிகம். நமது மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரியமில வாயு வீதம், கோடையில் நூறு இரவுகளுக்கு அந்த ஓர் அறையின் கணக்கு அரை டன்னைத் தாண்டுகிறது.

உடனே சர்க்கார் தரப்பினர், "இதைத்தான் நாங்களும் சொல்லுகிறோம்" என்று முன்வரக்கூடும். 2021 நவம்பரில் கிளாஸ்கோவில் பிரதம மந்திரி மோடி, 2070-க்குள் தேசத்தின் நிகரக் கணக்கைப் பூஜ்யமாக்குவதாக வாக்களித்ததோடு, வாழ்க்கை முறையை மாற்றிக்கொள்ளும் இயக்கம் ஒன்றையும் பிரகடனம் செய்தார். போக்குவரத்து விளக்கருகில் இயந்திரத்தை நிறுத்துங்கள், தேவையற்ற விளக்கை அணையுங்கள் என்ற புத்திமதிகள் நல்லவையே. ஆயினும், ஒவ்வொருவரும் தமது கரித்தடத்தை எண்ணிப் பார்க்க வேண்டும் என்னும் பேச்சை, இருபது ஆண்டுகளுக்கு முன் ஏராளமான பணம் செலவிட்டு உலகெங்கும் விளம்பரம் செய்தது எது தெரியுமா? பிரிட்டிஷ் பெட்ரோலியம் கம்பெனி! எண்ணெய் விற்பவன் வாங்குபவனுக்குச் சிக்கனம் போதித்ததன் உட்கருத்தை நேயர்கள் அறிவார்கள். வீட்டு விளக்கை அணைப்பது பிரஜையின் கையில் இருக்கிறது. அந்த விளக்குக்கு வரும் மின்சாரம் கரியிலிருந்து வருகிறதா, காற்றிலிருந்து வருகிறதா என்பதைப் பிரஜை தனியே நின்று தீர்மானிக்க முடியாது.

அதைத் தீர்மானிக்கும் இடங்களில் ஒன்று நமது ஜில்லாவிலேயே இருக்கிறது. செக்கோஸ்லோவாகியாவின் உதவியோடு 1965-இல் திருவெறும்பூரில் எழுந்த பாரத மிகுமின் நிலையத்தின் கொதிகலன்கள், நாட்டின் பல மூலைகளில் அனல் மின் நிலையங்களுக்குள் எரிந்துகொண்டிருக்கின்றன. சுதேசித் தொழில் என்றால் இதுவன்றோ என்று திருச்சி பெருமைப்பட்டது, அப்பெருமை பொய்யன்று. துவாக்குடியைச் சுற்றி அதற்கு உறுப்புகள் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் வளர்ந்தன. பத்தாண்டுகளுக்கு முன் அனல் நிலைய ஆர்டர்கள் சுருங்கியபோது அப்பட்டறைகளிற் பல மூடிக் கிடந்ததையும் நாம் பார்த்தோம். இப்பொழுது மறுபடியும் ஆர்டர்கள் வருகின்றன. 2032-க்குள் 80,000 மெகாவாட்டுக்குக் குறையாமல் புதிய அனல் மின்சக்தி சேர்ப்பதென்று மத்திய சர்க்கார் முடிவு செய்ததே அதற்குக் காரணம். தேசத்தின் மின் நிலையங்களின் மொத்தத் திறனில் பாதி, கரியும் எண்ணெயும் எரிக்காதவை என்ற நிலை 2025-இல் வந்துவிட்டது. சந்தோஷமே. ஆனால் திறன் வேறு, உற்பத்தி வேறு. உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்னும் நிலக்கரியினுடையது. சூரியன் சாய்ந்த பிறகு குளிர்சாதனங்களை ஓட்டுவது பெரும்பாலும் அதுவே.

இவையெல்லாம் டில்லியில் பேச வேண்டியவை, இரு நதிகளுக்கு நடுவே தீவில் வாழும் நமக்கென்ன என்பாருமுண்டு. 2016-இல் வடகிழக்குப் பருவ மழை பொய்த்து, மறு ஆண்டு ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்களும் வறட்சிப் பிரதேசமென்று அறிவிக்கப்பட்டன. அடுத்த ஆண்டே, 2018 ஆகஸ்ட் 22 இரவு, கொள்ளிடத்தின் வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் 45 மதகுகளில் 9 அடித்துச் செல்லப்பட்டன. ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டிய அணை அது. ஸ்ரீரங்கத்திற்கும் நம்பர் ஒன் டோல்கேட்டுக்கும் இடையிலிருந்த பழைய பாலமும் அந்நாட்களில் ஆற்றில் சரிந்தது. அணையின் முதுமையையும் ஆற்று மணற் கொள்ளையையும் மறைத்துவிட்டு, பழி முழுவதையும் ஆகாயத்தின்மேற் போடுவது அதிகாரிகளுக்குச் சௌகரியமாக இருக்கலாம். நாம் அதற்கு உடன்பட மாட்டோம். எனினும், காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும் என்பது பௌதிக விதி. வறண்டால் கடுமையாக வறள்வதும், பெய்தால் கொட்டித் தீர்ப்பதும் இனி அடிக்கடி நிகழும் என்று விஞ்ஞானிகள் எச்சரிப்பதன் காரணம் அதுதான்.

ஆகவே தேசத் தொண்டர்கள் இவ்விஷயத்தில் இரண்டு இடங்களில் கணக்குக் கேட்க வேண்டும். வெளிநாட்டாரிடம் கேட்பதைச் சற்றும் குறைக்க வேண்டியதில்லை. 2009-இல் கோபன்ஹேகனில் ஆண்டுக்குப் பதினாயிரம் கோடி டாலர் தருவதாகச் சொன்னவர்கள், குறித்த தவணையான 2020-இல் அதைத் தரவில்லை. உள்நாட்டிலோ, 2016-இல் ராஜ்ய சர்க்கார் இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் மின்சாரத்தை எல்லா வீடுகளுக்கும் இலவசமாக்கியபோது, குடிசைக்கும் மாளிகைக்கும் வித்தியாசம் பார்க்கவில்லை. மாளிகைக்கு இலவசம் எதற்கு என்று கேட்க ஒரு கட்சியும் அன்று துணியவில்லை. 2021 மே மாதம் மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து வந்தது. கரியமில வாயுவைக் குறைக்கும் ஏற்பாடென்று யாரும் அதைச் சொல்லவில்லை. ஆனால் சத்திரம் பஸ் நிலையத்தில் போதிய வண்டிகள் புறப்படுமானால், எத்தனையோ மோட்டார் சைக்கிள்கள் வீட்டிலேயே நிற்கும்.

திருவெறும்பூர் விஷயத்தில், கொதிகலன் செய்யும் கைகளுக்கு வேறு வேலை ஏற்பாடு செய்யாமல் கரியை நிறுத்து என்பதும், வேலை போகுமென்று காட்டிக் கரியை என்றென்றும் நீட்டிப்பதும் ஒன்றுக்கொன்று சளைத்தவையல்ல. உயர் அழுத்தத்தைத் தாங்கும் எஃகு கலங்களைப் பற்றவைக்கத் தெரிந்த அத்தொழிலாளிகளின் கைத்திறன், அணு மின் நிலையத்துக்கும் ஹைட்ரஜன் கலங்களுக்கும் வேண்டப்படுவதே. கையிலிருக்கும் அனல் நிலைய ஆர்டர்கள் தீர்ந்தபின் அத்தொழிற்சாலை எதைச் செய்யும், துவாக்குடிப் பட்டறைகளுக்கு எந்த ஆண்டு முதல் என்ன வேலை தரப்படும் என்பதை மத்திய சர்க்கார் தேதியிட்டு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். திருச்சியின் பார்லிமெண்ட் அங்கத்தினர் எக்கட்சியினராயினும், வரும் கூட்டத் தொடரிலேயே இந்தக் கேள்வியைக் கேட்கலாம்.