கணக்கில் குறையும் பன்னிரண்டாவது செல்

மதிப்பிற்குரிய திட்ட அலுவலர் ஐயா அவர்களுக்கு,

எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்கு எதிரே வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் நான். என் கையெழுத்து உங்கள் அலுவலகத்துக்குப் புதிதல்ல. திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டங்களில் வரிசையில் நின்று கொடுத்த மனுக்கள் அங்கேதான் எங்கேயோ கிடக்கின்றன. கொடுக்கும்போதெல்லாம் கைப்பேசிக்குத் தகவல் வரும்: மனு ஏற்கப்பட்டது. சில நாள் கழித்து இன்னொன்று: மனு முடித்துவைக்கப்பட்டது. நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. அதனால்தான் ஊரே படிக்கிற மாதிரி இதை எழுதுகிறேன். விதிகளை எடுத்துச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். என்னைவிட உங்களுக்கு அவை நன்றாகத் தெரியும். நான் பேச வந்தது ஒரே ஒரு செல்லைப் பற்றி.

எங்கள் தெரு அங்கன்வாடியில் பிள்ளைகளை ஏற்றி எடை பார்க்கும் மெஷின்களுக்கு சிஆர் 2032 என்ற வட்டச் செல் போட வேண்டும். அளவு பெயரிலேயே இருக்கிறது: குறுக்களவு 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். லித்தியம் செல், 3 வோல்ட். சார்ஜ் ஏற்றக்கூடாது, தீர்ந்தால் கழித்துவிட வேண்டியதுதான். கார் சாவி, ரிமோட், கார்த்திகைக்கு ஏற்றும் பிளாஸ்டிக் அகல் என்று எதைத் திறந்தாலும் இந்த வகைதான் உள்ளே இருக்கும். என் தொழிலில் நான் தினமும் தொடுகிற பொருள். நல்ல கம்பெனிச் செல்லாகப் பார்த்து வாங்கி, அட்டையைப் பிரிக்காமல் வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைத்தால் பத்து வருடம்கூடத் தாங்கும். சும்மா இருக்கையில் வருடத்துக்கு நூற்றில் ஒரு பங்கு அளவில்தான் சக்தி குறையும். சிலர் ஃப்ரிட்ஜில் வைப்பார்கள். அது வேண்டாத வேலை, வெளியே எடுத்ததும் ஈரம் கோத்துக்கொள்ளும். இவ்வளவு சாதுவான ஒரு பொருளைக் கெடுப்பது எப்படி என்பதை உங்கள் கிடங்கில்தான் போய்ப் படிக்க வேண்டும்.

அங்கன்வாடி டீச்சருக்கு உங்கள் அலுவலகம் அனுப்பியது அட்டையோடு வரவில்லை. பழுப்புக் கவருக்குள் ஒரு பாலிதீன் பை, பைக்குள் 12 செல், வாயில் ரப்பர் பேண்டு. கம்பெனிப் பெயர் இல்லை, தேதி இல்லை. இந்தச் செல்லின் மேல்முகமும் விளிம்பும் பாசிட்டிவ், அடிமுகம் நெகட்டிவ். குவியலாகக் கிடந்தால் ஒன்றின் விளிம்பும் இன்னொன்றின் அடியும் மாறி மாறித் தொட்டு, பையிலேயே ஷார்ட் ஆகித் தீர்ந்துபோகும். நிறையச் சேர்ந்தால் சூடேறி வெடிக்கவும் வாய்ப்புண்டு. “அண்ணா, புதுசு போட்டும் லோன்னுதான் காட்டுது” என்று டீச்சர் பையோடு கடைக்கு வந்தார். மீட்டரில் வைத்துப் பார்த்தேன். புதுச் செல் 3.2 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். பாதிக்கு மேல் 2.6, 2.7 என்றுதான் நின்றன. சில 2032 கூட இல்லை, 2025. அகலம் ஒன்றுதான், தடிமன் 2.5 மில்லிமீட்டர். மெஷினில் போட்டால் ஆடும். எந்த விலைக்கு எவரிடம் வாங்கினீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அந்த மனுவும் முடித்துவைக்கப்படும்.

இன்னொன்று. தீர்ந்த செல்லை எண்ணி ஒப்படைத்தால்தான் அடுத்த இன்டென்ட் ஏற்கப்படும் என்று உங்கள் சுற்றறிக்கை சொல்கிறது. கழிவு சேகரிப்புக்காகப் போட்ட உத்தரவு என்று நல்லெண்ணத்தோடு படித்துப் பார்த்தேன். சேகரித்து எங்கே வைப்பது, எதில் வைப்பது என்று அதில் ஒரு வரி இல்லை. டப்பா தரவில்லை, டேப் தரவில்லை. அந்த மையத்தில் பூட்டுள்ள அலமாரி ஒன்றுதான். அதில் முட்டையும் சத்துமாவும் பதிவேடுகளும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று குறைந்தாலும் டீச்சருக்கு மெமோ வரும். ஆகவே தீர்ந்த செல்கள் ஜன்னல் திட்டில் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் கிடந்தன. மெஷினின் அடிமூடியோ நகத்தால் நெம்பினாலே திறக்கிற வகை. ஒன்றில் கொக்கி உடைந்து, பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள்.

கிண்ணத்தையும் பிளாஸ்திரியையும் பார்த்த அன்றுதான் என் முதல் மனுவை எழுதினேன். மூடிக்கு ஒரு ஸ்குரூ, தீர்ந்த செல்லின் இரு முகத்திலும் ஒட்ட ஒரு சுருள் டேப், கத்தரிக்கோல் இல்லாமல் பிரிக்க முடியாத அட்டையில் வருகிற செல். இவற்றைத்தான் கேட்டேன். மொத்தச் செலவு, உங்கள் அலுவலக வாசலில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் வைக்கிற காசுக்குள் அடங்கும்.

அந்தக் கிண்ணத்துச் செல்லை விழுங்கிய பிள்ளையின் பெயரை எழுத மாட்டேன். இரண்டரை வயதுப் பெண் குழந்தை. மாதக் கடைசி, எடையெல்லாம் அன்றைக்குள் செயலியில் ஏற வேண்டும் என்று காலையிலேயே போன் வந்திருக்கிறது. டீச்சர் மெஷினைக் கவிழ்த்துப் போட்டு, நீங்கள் அனுப்பிய செல்களில் எது வேலை செய்யும் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தார். ஆயா அடுப்படியில் இருந்தார். அந்த நேரத்தில் கிண்ணத்திலிருந்து ஒரு செல் போனதை எவரும் பார்க்கவில்லை. மதியம் பிள்ளை முட்டையைத் தள்ளிவிட்டாள். எச்சில் வடிந்துகொண்டே இருந்தது, இருமினாள். சளி என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். சாயங்காலம் அம்மா வந்து கூட்டிப்போனார். இரவு தண்ணீரும் இறங்காமல் போனபிறகு ஆஸ்பத்திரி.

எக்ஸ்ரேயில் வட்டமாக ஒன்று தெரிந்தது. காசு, இரண்டு நாளில் தானாக வெளியே வந்துவிடும், வாழைப்பழம் கொடுங்கள் என்று அனுப்பிவிட இருந்தார்கள். 2019இல் வந்த ஒரு ரூபாய் நாணயமும் 20 மில்லிமீட்டர்தான், படத்தில் ஏமாறுவது சுலபம். இரவுப் பணியில் இருந்த ஓர் இளம் மருத்துவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் தெரிகிறது, இது நாணயம் அல்ல, செல் என்று சொன்னார். அவர் நன்றாக இருக்க வேண்டும். 108இல் ஏற்றி மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். எண்டோஸ்கோப்பி செய்து எடுக்கும்போது, அது உள்ளே போய்ப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

“தீர்ந்த செல்தானே, அதில் என்ன இருக்கும்?” என்று உங்கள் கண்காணிப்பாளர் போனில் கேட்டாராம். அவருக்கு என் தொழிலிலிருந்து ஒரு விஷயம் சொல்கிறேன். மெஷினுக்குத் தீர்ந்த செல் தொண்டைக்குத் தீர்ந்ததல்ல. செல் உடைந்து விஷம் ஒழுகித்தான் புண்ணாகும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியும் இல்லை. உணவுக்குழாயின் ஈரச்சுவரில் செல் ஒட்டியதும் சுற்று பூர்த்தியாகிறது. நெகட்டிவ் முகத்தின் பக்கம் நீர் பிரிந்து காரம் உண்டாகிறது. வெற்றிலையில் சுண்ணாம்பு கூடினால் வாய் வெந்துபோகுமே, அதையே பல மடங்காக்கி, துப்ப முடியாத இடத்தில் மணிக்கணக்கில் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்திலேயே ஆழமாகப் பொசுக்கிவிடும். நீரைப் பிரிக்க ஒன்றேகால் வோல்ட் சொச்சம் போதும். உங்கள் மெஷின் வேண்டாமென்று தள்ளிய செல்லில் அதைப்போல் இரண்டு பங்கு மிச்சம் இருந்தது.

எடுத்துவிட்டதோடு முடியவில்லை. வெந்த இடம் ஓட்டையாகி மூச்சுக்குழாயோடு சேர்ந்துகொள்ளலாம், பக்கத்து ரத்தக்குழாயை அரிக்கலாம், ஆறும்போது குழாயே சுருங்கிப்போகலாம். வாரக்கணக்கில் கவனிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மூக்கு வழியாகக் குழாய் போட்டுப் பால் ஏற்றுகிறார்கள். எடை பார்க்கப் போன பிள்ளை எடை இழந்துகொண்டிருக்கிறாள். செயலியில் அவள் பெயருக்கு எதிரே இப்போது என்ன நிறம் காட்டுகிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

தேன் என்று ஒன்று உண்டு. ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தை செல்லை விழுங்கினால், மருத்துவமனைக்குப் போகிற வழியிலேயே பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு தேக்கரண்டி, ஆறு முறை வரை கொடுத்தால் புண் ஆழமாவது குறைகிறது. பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனைக்காரர்கள் ஆய்வு செய்து 2018இல் வெளியிட்டார்கள். பயணத்தை ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடக் கூடாது, வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, வேறு எதையும் ஊட்டக் கூடாது. எவ்வளவு சுற்றறிக்கைகள் அனுப்புகிறீர்கள்! கோலப்போட்டிக்கு, செல்ஃபி எடுக்க, உறுதிமொழி வாசிக்க. இந்த நாலு வரிக்கு ஒரு தாள் கிடைக்கவில்லையா?

சரி, இவ்வளவுக்கும் பிறகு உங்களிடமிருந்து வந்தது என்ன? டீச்சருக்கு மெமோ. இரண்டு கேள்விகள். கவனக்குறைவுக்காக ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பது முதலாவது. சரி, அரசு வழக்கம். இரண்டாவதை டீச்சர் என் கடைப் பலகை மேல் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றார். நானே வாசித்துக்கொண்டேன். சென்ற முறை வழங்கப்பட்டவை 12, மேற்பார்வையாளர் நேரில் வந்து கைப்பற்றியவை 11, மீதமுள்ள ஒரு பேட்டரியின் இருப்பிடத்தை மூன்று நாட்களுக்குள் தெரிவிக்கவும்.

தெரிவிக்கிறேன். அது முதலில் உங்கள் கிடங்கில் இருந்தது. பிறகு எங்கள் தெருவில் ஒரு ஜன்னல் திட்டில், உங்கள் சுற்றறிக்கைக்குக் கீழ்ப்படிந்து காத்திருந்தது. பிறகு இரண்டரை வயதுக் குழந்தையின் நெஞ்சுக்குள் இருந்தது. இப்போது கறுத்துப்போய் மருத்துவக் கல்லூரியில் ஒரு புட்டியில் இருக்கலாம். ஆள் அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள். இருப்புப் பதிவேடு நேராக வேண்டும் அல்லவா?

அந்த மெமோவுக்கு யாரோ வரைவு எழுதியிருக்கிறார், யாரோ தட்டச்சு செய்திருக்கிறார், நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். வழியில் ஒருவர்கூடப் படிக்கவில்லையா, இல்லை படித்துவிட்டுத்தான் அனுப்பினீர்களா? எது உண்மையென்றாலும் எனக்குப் பயமாக இருக்கிறது.

2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரையில்லாத பொம்மையை இந்த நாட்டில் விற்க முடியாது. பட்டன் செல் போடும் பொம்மை என்றால், கருவி இல்லாமல் மூடி திறக்கக் கூடாது. பொம்மைக்கு இருக்கிற இந்த மரியாதை, பிள்ளை ஏறி நிற்கிற எடை மெஷினுக்கு இல்லை. பேசாமல் மெஷினைப் பொம்மை என்று அறிவித்துவிடுங்கள், ஸ்குரூவாவது வரும். ஆஸ்திரேலியாவில் 2022 ஜூன் முதல் இந்தச் செல் போடுகிற வீட்டுப் பொருள் அத்தனைக்கும் பூட்டுமூடி கட்டாயம். அமெரிக்காவில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை ரிமோட்டின் செல்லை விழுங்கி 2020 டிசம்பரில் இறந்துபோனாள். தாய் விடவில்லை. 2022இல் சட்டம் வந்தது, அதை ரீஸ் சட்டம் என்று அந்தக் குழந்தையின் பெயராலேயே அழைக்கிறார்கள். அங்கே செத்த பிள்ளையின் பெயரைச் சட்டத்துக்கு வைத்தார்கள். இங்கே பிழைத்த பிள்ளையிடம் செல்லுக்குக் கணக்குக் கேட்கிறீர்கள்.

உங்கள் வீட்டிலும் டிவி ரிமோட் இருக்கும், கார் சாவி இருக்கும், பேரப்பிள்ளைகளும் இருக்கலாம். அட்டையை ஓரம் பிரித்து மிச்சச் செல்லைச் சில்லறைக் காசோடு மேசை இழுப்பறையில் போட்டிருப்பீர்கள். அதை இன்றைக்கே எடுத்து உயரத்தில் வையுங்கள். தீர்ந்ததற்கு இருபுறமும் டேப் ஒட்டுங்கள். இதை உங்கள் பதவிக்குச் சொல்லவில்லை, அந்தப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கசப்புப் பூசிய செல்கள்கூட இப்போது கிடைக்கின்றன, நாக்கில் வைத்தால் பிள்ளை துப்பிவிடும். சில கருவிகளில் அந்தப் பூச்சு மின்தொடர்பைக் கெடுக்கும், பார்த்து வாங்க வேண்டும். என் கடையில் உண்டு. அரசுக்கு மலிவாகத் தருவேன் என்று மனுவில் எழுதியதைத்தான் வியாபார நோக்கம் என்று குறிப்பெழுதி ஒதுக்கினீர்களாம். போகட்டும், என்னிடம் வாங்க வேண்டாம். உலகத்தில் யாரிடமாவது வாங்குங்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. டீச்சருக்குக் கொடுத்த மெமோவைத் திரும்பப் பெறுங்கள். அந்த வீட்டுக்கு ஒரு முறை நேரில் போங்கள். ஜீப்பில் வேண்டாம், நடந்தே போகலாம், தெரு குறுகல். அம்மாவிடம் என்ன பேச வேண்டும் என்று நான் சொல்லித்தர முடியாது.

இந்த மடலின் நகலோடு உங்கள் அலுவலகத்துக்கு ஒரு சிஆர் 2032 அனுப்பியிருக்கிறேன். கம்பெனிச் செல், தேதி இருக்கிறது, இரு முகத்திலும் டேப் ஒட்டியிருக்கிறேன், அட்டையைக் கத்தரித்துத்தான் எடுக்க வேண்டும். 11உடன் சேர்த்தால் 12 ஆகிவிடும், தணிக்கை முடிந்துவிடும். பதிவேட்டில் வரவு வைக்கும்போது, எங்கிருந்து பெறப்பட்டது என்ற கட்டத்தில் மட்டும் என் கடைப் பெயரை எழுதாதீர்கள். எங்கிருந்து எடுக்கப்பட்டதோ, அதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
பேருந்து நிலையத்து எதிர் வாட்ச் கடைக்காரன்