யாரும் தொடர் எடுக்காத கொலை

2018 மே 9. ஊருக்குப் புதியவராகத் தெரிந்த ஒருவரைப் பழவேற்காட்டில் சிலர் மடக்கினார்கள். 'புள்ள புடிக்கிறவன்' என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், கூட்டம் சேர்ந்துவிட்டது. அடித்தே கொன்றார்கள். அதோடும் விடவில்லை, உடலைத் தூக்கிப் பாலத்தில் தொங்கவிட்டார்கள்.

அதே நாள், திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூர். குலதெய்வக் கோயிலுக்குப் போகக் காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நிறுத்தியது. அங்கு விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு 65 வயது அம்மா ஒருவர் சாக்லேட் கொடுத்தார். அவரையும் அடித்துக் கொன்றார்கள்.

ஏப்ரல் கடைசியிலிருந்தே வட மாவட்டங்களில் வாட்ஸ்அப் கொதித்துக்கொண்டிருந்தது. வடக்கிலிருந்து கடத்தல் கும்பல் இறங்கியிருக்கிறது, ஜாக்கிரதை என்று குரல் பதிவுகள், படங்கள், வீடியோக்கள். எல்லாம் வதந்தி என்று காவல் துறை சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த ஆண்டு நாடு முழுதும் சுற்றிய வீடியோ ஒன்றில், பைக்கில் வந்த இருவர் தெருவில் விளையாடும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வு விளம்பரம். பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விடும் கடைசிப் பகுதியை மட்டும் யாரோ வெட்டியிருந்தார்கள். சோறு ஊட்டும்போது நம் பாட்டிமார் காட்டிய அதே பிள்ளை பிடிக்கிறவன்தான் இவன். இந்த முறை அவனுக்குச் சிசிடிவி சாட்சி கிடைத்திருந்தது.

வதந்தி, படிப்பறிவின்மை, கும்பல் வெறி என்று மூன்று சொல்லில் இதை முடித்துவிட்டுப் போனோம். அந்த மக்களின் கண்ணைப் பழக்கியது யார் என்று கேட்கவில்லை. முகம் தெரியாத ஓர் ஆளின் அசைவைப் பார்த்த மாத்திரத்தில் 'இவன்தான்' என்று சொல்லும் பழக்கத்தை பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களுக்கு ஏரி கற்றுக்கொடுக்கவில்லை. தினமும் இரவில் அதைக் கற்றுக்கொடுப்பது நாங்கள், ஊடகங்கள். சிவப்பு வட்டம் போட்ட சிசிடிவி காட்சி, அடிவயிற்றைக் கலக்கும் இசை, 'பகீர் வாக்குமூலம்', 'சிக்கியது எப்படி?' இத்தனைக்கும் நடுவில் 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்ற சொல் மூச்சு விடக்கூட இடமிருப்பதில்லை.

பழவேற்காட்டுக் கரையில் மதிய வேளையில் போய்ப் பாருங்கள். இறால் ரகம் பிரிக்கும் பெண்களில் ஒருவர் ஐஸ் பெட்டியின் மேல் போனைச் சாய்த்து வைத்திருப்பார். ஏதோ ஓர் ஊரில் கணவனைக் கொன்ற மனைவியின் கதை ஓடும். கை இறாலில் இருக்கும், காது கொலையில் இருக்கும். பெரிது ஒரு கூடை, சிறிது ஒரு கூடை என்று கை தவறாமல் பிரிக்கும், நடுவில், "இவதான் செஞ்சிருப்பா, மூஞ்சியப் பாத்தாலே தெரியல?" என்று தீர்ப்பும் வந்து விழும். இதில் மீனவப் பெண்ணைக் குறை சொல்ல எங்களுக்கு யோக்கியதை இல்லை. அதே வீடியோவைப் பத்திரிகை அலுவலகத்திலும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். காசும் அதில்தான் பார்க்கிறோம்.

கொலைக்கதை கேட்கும் ஆசை புதிதல்ல. சாணித் தாளில் அச்சடித்த கொலைச் சிந்துகளைச் சந்தையிலும் ரயிலிலும் பாடி விற்ற நாடு இது. 1952இல் போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் தலையில்லாத உடல் கிடந்தது. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. அந்த ஆளவந்தார் கொலை வழக்கைப் பற்றிக் கேட்டால் வயதானவர்கள் இன்றும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆசையை ஒழிக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. மனிதன் எதற்காக மனிதனைக் கொல்கிறான் என்று அறிய நினைப்பதில் குற்றமில்லை. கைது வரைக்கும் கண் கொட்டாமல் பார்த்துவிட்டு, விசாரணை தொடங்கும்போது எழுந்து போய்விடுகிறோமே, சண்டை அதனோடுதான்.

லட்சுமிகாந்தன் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 'சினிமா தூது', 'இந்து நேசன்' என்று பத்திரிகை நடத்தி, நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தை எழுதியே பிழைத்தவர் அவர். 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். நடிகர்கள் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். பாகவதரின் 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டிருந்த நேரம். ஒரு பக்கம் தியேட்டரில் கூட்டம், மறுபக்கம் நீதிமன்ற வாசலில் கூட்டம். அன்று ஜூரி முறை. ஜூரிகளும் அதே ஊரில் அதே வம்பைக் கேட்டு வளர்ந்தவர்கள்தாம். குற்றவாளிகள் என்றார்கள், ஆயுள் தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947இல் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது.

விடுதலையானவர் பழைய பாகவதராகத் திரும்பவில்லை. படங்கள் ஓடவில்லை, 1959இல் இறந்தார். லட்சுமிகாந்தனைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு இன்றுவரை பதிலும் இல்லை. அவ்வளவு ஆரவாரத்துக்குப் பிறகு கையில் மிஞ்சியது, ஒரு கலைஞனின் அழிவும் பதிலில்லாத கேள்வியும். வம்பு விற்றவரின் சாவே பெரிய வம்பாக விற்றதில் உள்ள குரூரத்தைச் சொல்லத் தனியாக ஒரு தலையங்கம் வேண்டும்.

இது பழங்கதை என்பவர்களுக்குப் புதுக்கதையும் இருக்கிறது. 2017 பிப்ரவரியில் சென்னைப் புறநகரில் ஒரு சிறுமி கொடூரமாகக் கொல்லப்பட்டாள். கைதான இளைஞரின் முகம் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். ஜாமீனில் வந்த காலத்தில் தாயைக் கொன்றதாகவும் அவர் மேல் வழக்கு வந்தது. தூக்கில் போடு என்றது ஊர். 2018 பிப்ரவரியில் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. ஜூலையில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

ஏன்? சிசிடிவியில் தெரிந்தார் என்று சொன்னதை அரசுத் தரப்பால் நிரூபிக்க முடியவில்லை. சிறுமியோடு கடைசியாகப் பார்த்தோம் என்ற சாட்சியம் நிற்கவில்லை. தடயங்களின் சங்கிலி அறுந்து கிடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் தன்னைத் தற்காத்துக்கொள்ள உரிய வாய்ப்பும் தரப்படவில்லை. அதாவது, ஏழெட்டு ஆண்டுகளாக நம் கண்முன் ஓடிக்கொண்டிருந்த 'ஆதாரம்' நீதிமன்றத்துக்குள் ஆதாரமாகவே வரவில்லை. தொலைக்காட்சிக்குக் கிடைத்தது வழக்குக்குக் கிடைக்கவில்லை.

இதில் மிகப் பெரிய இழப்பு யாருக்கு? அந்தச் சிறுமிக்கு, அவளைப் பெற்றவர்களுக்கு. அவர்களுக்கு நீதி வேண்டும் என்று நாம் போட்ட கூச்சல் அவசரத்தைத்தான் கொடுத்தது. நல்ல புலனாய்வைக் கொடுக்கவில்லை. ஆளைப் பிடித்துவிட்டோம் என்று காட்டினாலே ஊர் அடங்கிவிடும் என்றால், காவல் துறை ஏன் மெனக்கெட்டுத் தடயம் சேர்க்கப்போகிறது?

ஐதராபாத்தில் நடந்ததும் இதுதான். 2019 டிசம்பர் 6 அன்று, ஒரு பெண் மருத்துவரின் கொலையில் கைதான நால்வரைக் காவல் துறை சுட்டுக் கொன்றது. காவலர்கள் மேல் மக்கள் பூமாரி பொழிந்தார்கள். கொல்லும் நோக்கத்தோடே சுட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்பூர்கர் ஆணையம் 2022இல் சொன்னபோது பூத்தூவ யாரும் வரவில்லை. பழவேற்காட்டுப் பாலத்தில் செய்ததற்கும் இதற்கும் சீருடை ஒன்றுதான் வித்தியாசம்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. காவலரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகச் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவும் சொல்கிறது, இன்றைய பாரதிய சாட்சியச் சட்டத்தின் 23ஆம் பிரிவும் சொல்கிறது. நீதிமன்றம் தொடவே கூடாத அந்த வாக்குமூலத்தை நாங்கள் எட்டுப் பத்தித் தலைப்பாகப் போடுகிறோம். அடையாள அணிவகுப்பில் சாட்சி ஆளைக் காட்ட வேண்டும். அதற்கு முன்பே முகம் வீட்டுக்கு வீடு தெரிந்துவிட்டால் அணிவகுப்புக்கு என்ன மதிப்பு? எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார். பரபரப்புச் செய்தி பல நேரம் குற்றவாளிக்குச் செய்யும் உபகாரம் இது.

ஊரின் கண் பார்ப்பதால்தான் நீதி கிடைக்கிறது என்ற பதிலும் வரும். அதில் உண்மை இருக்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் வதைபட்டு இறந்தபோது ஊர் கொதிக்காமல் இருந்திருந்தால், வழக்கு சிபிஐ வரை போயிருக்குமா? தூக்குக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை 'நக்கீரன்' வெளியிடாமல் தடுக்க அதிகாரிகள் முயன்றபோது, அப்படி முன்கூட்டியே தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை என்று 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த உரிமையில் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால், அதிகாரத்தில் இருப்பவன் மேல் விழும் கண் வேறு. கையில் விலங்கோடு நிற்பவன் மேல் விழும் கண் வேறு. சாத்தான்குளத்தில் நாம் காவல் நிலையத்தைப் பார்த்தோம். மற்ற வழக்குகளில் காவல் நிலையத்தின் கண்ணால் பார்க்கிறோம்.

பழவேற்காட்டு ஏரிக் குப்பங்களில் பாடு என்ற ஏற்பாடு உண்டு. எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்வது. அதில் தகராறு வந்தால் ஊர்ப் பஞ்சாயத்து கூடும். இரு தரப்பும் எதிரெதிரே நிற்க வேண்டும். இருவரும் பேச வேண்டும். தீர்ப்பு சொல்பவர் மறுநாள் இருவர் முகத்திலும் விழிக்க வேண்டும் என்பதால் நாவை அளந்துதான் பேசுவார். ஊர்ப் பஞ்சாயத்தைப் புகழ்ந்து தள்ள நாங்கள் தயாரில்லை. ஊர்விலக்கு வைத்துக் குடும்பங்களை முடக்கிய கதைகள் கடலோரம் நெடுக உண்டு. ஆனாலும் எதிராளி இல்லாமல் வழக்கைக் கேட்பதில்லை என்ற ஒரு மரியாதை அங்கே இருக்கிறது. போன் திரையில் நடக்கும் பஞ்சாயத்தில் அதுவும் கிடையாது.

சந்தேகம் என்றைக்கும் தனி ஆளோடு நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழவேற்காட்டுக்கு மேற்கே, பெரியபாளையம் பக்கத்துத் தானாகுளத்தில், 2005 ஜனவரி 9 அன்று கும்மிடிப்பூண்டி எம்எல்ஏ கே. சுதர்சனம் கொள்ளையரால் சுட்டுக் கொல்லப்பட்டார். பவாரியா கும்பலைத் தேடிப் பிடித்த அந்தப் புலனாய்வு நிஜமான சாதனை. அதை வைத்து 2017 நவம்பரில் 'தீரன் அதிகாரம் ஒன்று' வந்தது. படம் விட்டு வெளியே வந்த பலருக்குக் கும்பல் மறந்துவிட்டது, சாதிப் பெயர் மட்டும் மனதில் தங்கிவிட்டது. பிறவிக் குற்றவாளிகள் என்று வெள்ளைக்காரன் 1871இல் சட்டம் போட்டு முத்திரை குத்திய சமூகங்களில் அதுவும் ஒன்று. படம் வந்த ஆறே மாதத்தில் 'வடக்கத்திக் கும்பல்' வதந்தி. படம்தான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தப் பயத்துக்கு ஒரு முகம் ஏற்கெனவே தயாராக இருந்தது என்கிறோம். இதே ஏரியில் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களைக் கேட்டால், திருட்டு நடந்தவுடன் காவல் வண்டி முதலில் யார் குடிசைக்கு வருகிறது என்று சொல்வார்கள்.

வழக்கு விவரங்களைக் காவல் துறை ஊடகங்களுக்குச் சொல்வதற்கு வழிகாட்டு நெறிகளை மூன்று மாதத்தில் வகுக்கும்படி 2023 செப்டம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் உள்துறை அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. தமிழ்நாடு அரசு டெல்லியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. அடையாள அணிவகுப்பு முடியும்வரை கைதானவர் முகத்தைக் காட்டக் கூடாது. வாக்குமூலத்தைச் செய்திக்குறிப்பாகத் தரக் கூடாது. மீறும் அதிகாரி மேல் துறை நடவடிக்கை. இந்த மூன்றையும் ஒரே அரசாணையில் போடலாம்.

எங்கள் பங்கும் இருக்கிறது. 'கள்ளக்காதல்' என்ற சொல்லை இனி இந்தப் பத்திரிகை அச்சிடாது; விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடும் சொல் அது. கைதுச் செய்தி எந்தப் பக்கத்தில் வந்ததோ, விடுதலைச் செய்தியும் அதே பக்கத்தில், அதே அளவில் வரும்.

பழவேற்காட்டுப் பாலத்தில் தொங்கவிடப்பட்டவரைப் பற்றி எந்தச் சேனலும் தொடர் எடுத்து நாங்கள் பார்த்ததில்லை. அழகான பெண் இல்லை, காதல் இல்லை, மர்மமும் இல்லை; கொன்றது ஒரு கூட்டம், செத்தது யாரோ. வாசகர்களே, அன்றைய செய்தித்தாள் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். எங்கள் பழைய தாள் கட்டைப் பிரித்துப் பார்த்தோம். அவருடைய வயதைத் தோராயமாகப் போட்டிருந்தார்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில், 'அடையாளம் தெரியாத நபர்' என்று இருந்தது.