வேகமான விசிறி போதுமா?

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரியில் நடந்த வகுப்புத் தேர்வில் ஓர் எளிய கணக்குக் கேட்டிருந்தேன். 25 ஓம் மின்தடை வழியே 2 ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது; ஒரு வினாடியில் தோன்றும் வெப்பம் எவ்வளவு? விடை 100 ஜூல் என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஆனால், நன்றாகக் கணக்குப் போடும் மாணவி ஒருத்தி 10 ஜூல் என்று எழுதியிருந்தாள். அவளுடைய வினாத்தாளை வாங்கிப் பார்த்தேன். 2-க்கும் 5-க்கும் நடுவே, சரியாக அடிக்கோட்டில், ஒரு கரும்புள்ளி! அவள் 2.5 ஓம் என்று படித்திருக்கிறாள். மற்றவர்களின் தாள்களையும் வாங்கிப் பார்த்தால், பலவற்றில் அங்கங்கே இப்படிப் புள்ளிகள். அவை வெற்றிடத்தில் விழுந்ததால் யாரையும் ஏமாற்றவில்லை.

புள்ளிகள் தாளுக்குத் தாள் இடம் மாறியிருந்தன. ஆகவே அது அச்சுப் பிழையன்று. அச்சான பிறகு மேலிருந்து விழுந்த அழுக்கு. அலுவலகத்து லேசர் அச்சுப்பொறியைப் போய்ப் பார்த்தேன். தாள் வந்து விழும் தட்டுக்கு நேர் மேலே வெப்பக் காற்று வெளியேறும் வாய் இருந்தது. அதன் விளிம்பில் கருமையான பஞ்சு போல ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. பழுது பார்க்க வந்தவர், "விசிறிக்கு வேகம் போதவில்லை, சார்" என்று சொல்லி வேகமான விசிறி ஒன்றைப் பொருத்திவிட்டுப் போனார். மறுநாள் புள்ளிகள் அதிகமாயின.

அழுக்கு இருந்தால் பலமாக ஊது, பலமாக இழு என்பதே நம்மில் பெரும்பாலோரின் எண்ணம். அது தவறு என்பது என் கருத்து. காற்றை எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறோம் என்பதைவிட, அது எங்கே புகுந்து, எதன் மேலாகச் சென்று, எங்கே வெளியேறுகிறது என்பதே முக்கியம்.

முதலில், இந்தப் பொறிக்கு மூச்சுவிட வேண்டிய தேவை என்ன? டோனர் எனப்படும் மைத்தூளை மின்னூட்டத்தால் தாளில் ஒட்டவைத்து, பிறகு ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கி அழுத்துகிறார்கள். அந்தச் சூடு வெளியே போயாக வேண்டும். (1959-இல் வெளிவந்த ஜெராக்ஸ் 914 என்னும் நகலெடுக்கும் பொறியில் தாள் கருகித் தீப்பற்றுவதும் உண்டு. அதனால் பொறியோடு ஒரு சிறு தீயணைப்பானையும் சேர்த்தே கொடுத்தார்கள். 'கருகல் நீக்கி' என்று பொருள்படும் கௌரவமான பெயரும் அதற்குச் சூட்டினார்கள்!) வெளியேறும் காற்று சூட்டை மட்டும் சுமந்து செல்வதில்லை. ஒட்டாத மைத்தூள், தாளிலிருந்து உதிரும் நார்த்தூசி, நீராவி, டோனரிலுள்ள மெழுகின் ஆவி எல்லாம் அதில் கலந்திருக்கும்.

நீராவியைக் குறைவாக எண்ணாதீர்கள். 5 கிராம் எடையுள்ள தாளில் ஏறத்தாழ நூற்றுக்கு 5 பங்கு, அதாவது கால் கிராம், ஈரம் இருக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஆவியானாலும் 100 தாளுக்கு ஒரு தேக்கரண்டி நீர் ஆயிற்று. குழாயின் குளிர்ந்த சுவரில் அது வியர்த்துப் படியும். அந்த ஈரத்தில் தூசி ஒட்டும்; மேலும் மேலும் சேர்ந்து கட்டியாகும்; ஒரு நாள் பெயர்ந்து விழும். கீழே என்ன இருக்கிறது? உங்கள் வினாத்தாள்!

இப்போது ஒரு சிறு சோதனை. பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, எரியும் மெழுகுவர்த்தியை ஒரு சாண் தூரத்தில் வைத்து ஊதுங்கள், அணைந்துவிடும். அதே தூரத்திலிருந்து காற்றை உள்ளே இழுங்கள். சுடர் அசைந்தாலும் அணையாது. ஊதும் காற்று ஒரே திசையில் பாய்கிறது. உறிஞ்சும்போதோ எல்லாப் பக்கங்களிலிருந்தும் காற்று வருகிறது. காற்றோட்டப் பொறியியலில் இதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. ஊதும் வாயிலிருந்து அதன் விட்டத்தைப் போல் 30 மடங்கு தூரம் போன பிறகே வேகம் பத்தில் ஒன்றாகிறது. உறிஞ்சும் வாயிலோ ஒரே ஒரு விட்டம் தள்ளிப் போனாலே பத்தில் ஒன்றாகிவிடும். ஆகவே தூசியை இழுக்க வேண்டுமானால், அது பிறக்கும் இடத்தை ஒட்டியே குழாயின் வாய் அமைய வேண்டும். தூரத்தில் வைத்துவிட்டு விசிறியின் வேகத்தைக் கூட்டினால் பயன் சொற்பம்.

குழாய்க்குள் போன தூசி என்னவாகும்? இங்கே உங்கள் பாடத்திலுள்ள ஸ்டோக்ஸ் விதி உதவிக்கு வருகிறது. 8 மைக்ரான் விட்டமுள்ள டோனர்த் துகள் அசையாக் காற்றில் வினாடிக்கு 2 மில்லிமீட்டர்தான் இறங்கும். 50 மைக்ரான் விட்டமுள்ள, ஏறத்தாழ அதே அடர்த்தி கொண்ட தூசி 8 சென்டிமீட்டர் இறங்கும். விட்டம் இரு மடங்கானால் விழும் வேகம் நான்கு மடங்கு என்பதன் விளைவு இது. 20 சதுர சென்டிமீட்டர் குழாயில் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் செல்லும் காற்றை, 25 சென்டிமீட்டர் அகலமும் 4 சென்டிமீட்டர் உயரமும் உள்ள அறைக்குள் விடுங்கள். பரப்பு ஐந்து மடங்காவதால் வேகம் 60 சென்டிமீட்டராகக் குறையும். அறையின் நீளம் 30 சென்டிமீட்டர் என்றால் கடக்க அரை வினாடி. அதற்குள் பெரிய தூசி 4 சென்டிமீட்டர் இறங்கித் தரையைத் தொட்டுவிடும். டோனரோ 1 மில்லிமீட்டர்தான் இறங்கியிருக்கும். அதைப் பிடிக்க வடிகட்டி வேண்டும். விசிறியின் வேகத்தை இரட்டித்தால்? பெரிய தூசியில் பாதி தப்பி வெளியே போய்விடும்!

எங்கள் பொறியில் நடந்தது இதுவே. வேகக் காற்று, குழாயில் பழைய நாளெல்லாம் படிந்திருந்ததைப் பெயர்த்துத் தட்டின் மேல் தூவியது. இன்னொன்றும் உண்டு. ஒரு லிட்டர் காற்று வெளியே போனால் ஒரு லிட்டர் உள்ளே வந்தாக வேண்டுமல்லவா? அது இடுக்குகள் வழியே அறையின் தூசியையும் கூட்டிக்கொண்டு வருகிறது. போதாக்குறைக்கு, சூட்டுருளையின் வெப்பத்தை அளவுக்கு மீறிக் கவர்ந்தால் மை சரியாக உருகாமல் உதிரும். தூசியைப் போக்க வந்த விசிறியே தூசியைப் பெருக்கும்.

பொறியை வடிவமைப்பவர்கள் மேலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மற்ற உறுப்புகளுக்கெல்லாம் இடம் ஒதுக்கிவிட்டு, மிஞ்சிய சந்தில் காற்றுக் குழாயைத் திணிப்பது என்ன நியாயம்? அப்போதே தாளில் வந்து சேரும் ஒவ்வொரு புள்ளிக்கும் இடம் தந்தாயிற்று. சூட்டுருளையிலிருந்து புதிதாக வரும் தாள் உலர்ந்து மின்னூட்டம் பெற்றிருக்கும். தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்கைக் கவர்வது போல அது தூசியைக் கவரும். அதன் தலைக்கு மேலா காற்று வாயை வைப்பது? வாய் பக்கவாட்டிலோ பின்புறமோ இருக்கட்டும். தாளுக்கு மேலாகக் குழாய் போய்த்தான் தீர வேண்டுமென்றால், அடிப்பக்கம் சரிவாக இருந்து, வியர்த்த நீர் ஓரத்துக்கு வழிந்தோடட்டும். விளிம்பில் ஒரு சிறு மடிப்பு இருந்து, பெயர்ந்ததைத் தாங்கிக்கொள்ளட்டும். இதற்கெல்லாம் ஆகும் செலவு மிகச் சிறிது.

நம்மிடமும் குற்றம் இல்லாமல் இல்லை. பொறியின் பின்புறத்தைச் சுவரோடு ஒட்டி வைத்துவிடுகிறோம். பின்னால் போக வழியில்லாத காற்று மேலெழுந்து தட்டுப் பக்கமே திரும்பி வருகிறது. உங்கள் பள்ளி அலுவலகத்தில் பார்த்தால், ஒரு சாணாவது தள்ளி வைக்கும்படி சொல்லுங்கள். நீங்களாகப் பொறியைத் திறக்கவோ, உள்ளே வாயால் ஊதவோ வேண்டாம். சூட்டுருளை கையைச் சுடும். மைத்தூள் மூச்சோடு உள்ளே போகும்.

எங்கள் பொறிக்குப் பழைய விசிறியையே திரும்பப் பொருத்தச் சொன்னேன். குழாயைக் கழற்றித் துப்புரவாக்கி, வாயில் ஒரு தகரத் தடுப்பு வைத்துக் காற்றைப் பின்பக்கம் திருப்பினார்கள். அடுத்த தேர்வில் 40 தாள்களையும் நானே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், புள்ளி இல்லை. அந்த மாணவிக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். 2.5 ஓம் என்றால் 10 ஜூல்தானே சரி!